ஒரு பீரோ ஒதுக்கித் தாருங்கள்: ஊர் நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணியாற்றும் நூலகர்களுக்கும், வாசகர் வட்டத்தாருக்கும் வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க்காரி. அரிசி மில்லில் இருபத்தாறு வருஷம் கணக்கெழுதிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பதோடு சரி, நூலக அறிவியல் எல்லாம் தெரியாது. ஆனால் நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய கை. பழைய கணக்கு நோட்டு எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் நகர மாட்டேன். அந்த ஒரு தகுதியில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர்க் கிளை நூலக வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். கதவில் பூட்டு. வெள்ளிக்கிழமை லீவு என்பது நமக்குத் தெரியும். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? எதிர்த்த டீக்கடையில் உட்கார வைத்து என்ன விஷயம் என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் மலேயாக் காலத்துத் தாள். பெயர், தகப்பன் பெயர், இராமநாதபுரம் ஜில்லா, அப்புறம் ஊர். ஊர்ப் பெயரை யாரோ ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார். கடைசி எழுத்துகளை வைத்து அது 'ஏந்தல்' என்று முடியும் ஏதோ ஒரு ஊர் என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் பக்கம் கண்மாய்க்குக் கண்மாய் ஒரு ஏந்தல் உண்டு. எந்த ஏந்தல் என்று எதை வைத்துச் சொல்வது?

"ஏன் தம்பி, நேரா லைப்ரரிக்கு வந்தே? தாலுகா ஆபீசுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல எது தெரியலன்னாலும் லைப்ரரிலதான் முதல்ல கேப்போம் அக்கா" என்றான்.

அந்தப் பதில்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது.

மறுநாள் போனோம். நூலகர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் எழுந்து வந்து தேடினார். மருது பாண்டியர் வரலாறு நாலைந்து, வேலு நாச்சியார் மூன்று, சுற்றுலாக் கையேடு ஒன்று. "குடும்ப வரலாறுன்னா நம்பர் 929 மா" என்று அந்த எண்ணிலும் தேடினார். 929-ல் புத்தகம் இருந்தது. மூன்றுமே குழந்தைகளுக்குப் பெயர் வைக்க உதவும் புத்தகங்கள். "பொறக்கப் போறவங்களுக்கு இருக்கு, செத்துப் போனவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நிலம் இருந்துச்சா? பட்டா நம்பர் ஏதாவது?"

நிலம் இருந்திருந்தால் அந்த மனிதர் ஏன் நாகப்பட்டினத்தில் போய்க் கப்பல் ஏறப்போகிறார்?

அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. நம் சர்க்கார் காகிதம் மண்ணைச் சுற்றியே எழுதப்பட்டது. செட்டில்மென்ட் காலத்துப் பதிவேடு, 1979-க்குப் பின் நிலக் கணக்கைப் புதுப்பித்து எழுதிய யு.டி.ஆர். பதிவேடு, வில்லங்கச் சான்று, பத்திர நகல் என்று எதை எடுத்தாலும் நிலம் கைமாறும் வழியில்தான் மனிதர் பெயர் வரும். எங்கள் சீமையோ ஜமீன் சீமை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் ரயத்துவாரிக் கணக்கே இங்கே நுழைந்தது. நிலமில்லாதவன் பெயர் இதில் எங்கும் வராது. நிலமிருந்த வீட்டிலும் பெண்கள் பெயர் வருவது அபூர்வம். பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால் பழைய பக்கங்களில் 'ஆண்', 'பெண்', தகப்பன் பெயர் என்பதோடு கதை முடிந்துவிடும்.

வெளிநாட்டில் குடும்பக் கதை தேடுகிறவர்களுக்கு முதல் பிடி ஜனத்தொகைக் கணக்குதான். அமெரிக்காவில் 72 வருஷம் கழிந்ததும் வீட்டு வாரியான பெயர்ப் பட்டியலைத் திறந்துவிடுகிறார்கள். 1950-ம் வருஷத்துக் கணக்கு 2022 ஏப்ரலில் திறந்தது. இங்கிலாந்தில் நூறு வருஷம். 1921 கணக்கு 2022 ஜனவரியில் வெளியே வந்தது. நம் நாட்டில் 1948-ம் வருஷத்து ஜனத்தொகைச் சட்டப்படி அந்தத் தாளை யாரும் பார்க்க முடியாது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் புத்தகமாக வரும்.

அதே 1948-ல்தான் சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டமும் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. அதற்காக உழைத்த எஸ்.ஆர். அரங்கநாதன் சீர்காழிக்காரர், 1892-ல் பிறந்தவர். இன்றைக்கும் நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியில் இருக்கும். ஆகவே நான் கேட்கப் போவது இனாம் இல்லை.

பையன் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் டிரங்குப் பெட்டி வைத்திருப்பவர். பெட்டியின் அடியிலிருந்து ஒரு கும்பாபிஷேக மலர் வந்தது. பிலவ வருஷம், அதாவது 1961. கால்வாசி கரையான் தின்றிருந்தது. பின்பக்கத்தில் உபயதாரர் பட்டியல் ஊர் வாரியாக இருந்தது. முதலில் உள்ளூர், அப்புறம் 'இலங்கை', அப்புறம் 'மலேயா'. மலேயாவுக்குக் கீழே இருபத்திரண்டு பெயர். ஒவ்வொன்றுக்கும் நேராகச் சொந்த ஊர், தகப்பன் பெயர், தொகை. பதினாறாவது வரியில் அவனுடைய கொள்ளுத்தாத்தா ஐந்து ரூபாய் கொடுத்திருக்கிறார். ஊர்ப் பெயர் சுத்தமான தமிழில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஆறு மைல்.

அவன் விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவே இல்லை. வாத்தியார் வீட்டம்மா காபி கொண்டு வந்து வைத்து, அது ஆறி, மேலே ஆடை படிந்து, திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

வாத்தியார் பிறகு சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அந்த மலரின் ஒரு பிரதியைக் கோயில்காரர்கள் நூலகத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட நூற்றாண்டு மலரும் அங்கே இருந்திருக்கிறது. ஒருமுறை இடம் மாற்றும்போது பழைய பத்திரிகைக் கட்டோடு கட்டாக எடைக்குப் போய்விட்டது. யார் போட்டது, எப்போது போட்டது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏன் போயிற்று என்பது மட்டும் நூலகரிடம் பேசியபோது புரிந்தது. "நம்பர் போட்டா அது புஸ்தகம். ஆடிட்ல நான் பதில் சொல்லணும், ஒரு பக்கம் கொறஞ்சாலும் என் சம்பளம். நம்பர் போடலைன்னா அது குப்பை. எடத்த அடைக்குதுன்னு எழுதுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லமா."

அந்த நடுவில் ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு பீரோ. மேலே 'ஊர்க் காகிதம்' என்று ஒரு அட்டை. உள்ளே இருப்பதற்குத் தனி நோட்டு. புத்தகப் பதிவேட்டில் சேர வேண்டாம், இரவல் கொடுக்க வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியது. இதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றால் அதற்கு மனுப்போட வேண்டியது வாசகர் வட்டத்தின் வேலை. நூலகரைத் தனியாக மாட்டிவிடக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே இடத்தில் வாங்கி எல்லா ஊருக்கும் அனுப்புகிற புத்தகங்கள். எங்கள் ஊர் அலமாரியில் இருப்பதுதான் திருத்தணியிலும் இருக்கும், தென்காசியிலும் இருக்கும். எங்கள் நூலகத்தில் மட்டுமே இருந்து வேறெங்கும் இல்லாதது என்று ஒன்று இருக்க முடியுமானால் அது எங்கள் ஊரைப் பற்றிய காகிதம்தான். சென்னை கன்னிமாரா நூலகத்தில் அது கிடைக்காது, கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்திலும் கிடைக்காது, மதுரையில் 2023-ல் திறந்த அந்தப் பெரிய நூலகக் கட்டடத்திலும் கிடைக்காது.

என்னென்ன காகிதம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் கல்யாணப் பத்திரிகை. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையிலேயே அந்த எழுத்தும் மாறிவிடும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் கருப்பையா, மறுபடி முத்தையா. பத்திரத்தில் ஒரு கருப்பையாவைப் பார்த்தால் எந்தக் கருப்பையா என்று தலை சுற்றும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது கல்யாணப் பத்திரிகை. பாட்டனார் பெயர், அவர் ஊர், 'இன்னார் பேத்தியும் இன்னார் குமாரத்தியும்' என்று மூன்று தலைமுறை ஒரே மூச்சில் வந்துவிடும். தாய்மாமன்கள் வரிசையாக வருவார்கள். பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் இருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் அவர் போய்விட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது கருமாதிப் பத்திரிகை. இதை நான் அழுத்திச் சொல்வேன். இறந்த தேதி, பிள்ளைகள், மருமக்கள், சம்பந்தி வீட்டு ஊர்கள் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும் காகிதம் வேறு கிடையாது. ஆனால் அதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று படித்த கையோடு ஓரத்தைக் கிழித்து வெளியே போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான், நானும் ரொம்ப நாள் அப்படித்தான். வீட்டில் வைக்க மனசு வராத காகிதத்துக்கு நூலகத்தை விட நல்ல இடம் எது? ஒரு டப்பாவை வாசலில் வைத்துப் பாருங்கள், மாதத்துக்கு இருபதாவது விழும். இப்போது பாதி வாட்ஸ்அப்பில் வருகிறது, மீதி பிளெக்ஸ் போர்டில் பத்து நாள் தொங்கிவிட்டு யார் வீட்டுக் கூரைக்கோ போர்வையாகிறது. சரி, அதைப் படம் எடுத்தாவது வைக்கலாம்.

மூன்றாவது மொய் நோட்டு. இது என் சொந்தப் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, என் பெரியப்பா கல்யாணத்தது. நீளவாக்கில் மடித்துத் தைத்த பழுப்புத் தாள். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி மேலே ஒரு 'உ'. ரூபாய், அணா, பைசா என்று மூன்று கோடு. ஊர் வாரியாகப் பெயர். எழுதியவருக்கு அவசரம், 'மேற்படி', 'மேற்படி' என்று பாதிப் பக்கம் போகிறது. ஆனாலும் இதில் ஒரு விசேஷம் உண்டு. புருஷன் இல்லாத வீடு, புருஷன் கப்பல் ஏறிய வீடு என்றால் மொய் பெண் பெயரில் வரும். சர்க்கார் கணக்கில் எங்கும் இல்லாத பெண்கள் இரண்டு ரூபாய், ஒரு ரூபாய் நாலணா என்று இந்த நோட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மலேசியப் பையனுடைய ஏந்தலுக்குப் போனபோது பங்காளி வீடொன்றில் இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதி, அடுத்து 'அக்காள்' என்று போட்டு, அவள் பெயரும் எழுதியிருந்தது. அப்படி ஒரு அக்காள் இருந்ததே ஈப்போவில் யாருக்கும் தெரியாது.

இவை தவிர மாசிக் களரிக்கு, அதாவது மாசி மாதக் குலதெய்வக் கும்பிடுக்கு, தலைக்கட்டு வரி (கல்யாணமான குடும்பத்துக்கு இவ்வளவு என்று) வசூலித்த நோட்டு உண்டு. எத்தனை தலைக்கட்டு, யார் யாருக்குக் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆனார்கள் என்று வருஷா வருஷம் எழுதியிருக்கும். பள்ளிக்கூட மலர், சங்கத்துப் பொன்விழா மலர், நாடக நோட்டீஸ், பழைய டெலிபோன் டைரக்டரி, ரேஷன் கடை விட்டெறிந்த பட்டியல் என்று ஊருக்கு ஊர் மாறும். குலதெய்வம் எது என்று தெரியாமல் ஜோசியரிடம் போய்ச் சோழி உருட்டிக் கேட்கிறவர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? அவர்களில் பாதிப் பேருக்கு விடை யாரோ ஒருவர் வீட்டு வரி நோட்டில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

தேதி இல்லாத காகிதமாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். காலத்தைச் சொல்ல அதிலேயே ஏதாவது அடையாளம் இருக்கும், நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அணாக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலை ஒட்டியோ அதற்கு முன்னாலோ. அதற்கப்புறம் நயா பைசா. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'சென்னை ராஜ்யம்' என்று இருந்தால் 1969-க்கு முன். 'லை', 'னை' எல்லாம் பழைய யானைத் தும்பிக்கை வடிவில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய எழுத்தைத் தேயும்வரை விடாது, அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. 'காமராசர் மாவட்டம்' என்று இருந்தால் விருதுநகர், 1985-க்கும் 1997-க்கும் இடையில். தெற்கே கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள், மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். தமிழ் வருஷப் பெயரில் மட்டும் ஒரு பொறி உண்டு, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். "எங்க பாட்டி தாது வருஷத்துல பொறந்தா" என்றால் 1876-ல் தொடங்கிய தாது வருஷமா, அந்தப் பெரும்பஞ்சத்து வருஷமா, இல்லை 1936-ல் தொடங்கியதா என்று மற்ற அடையாளங்களை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறேன். வாக்காளர் பட்டியலில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002, 2005 பட்டியல்களில் அப்பா பெயர், அம்மா பெயர் எங்கே என்று ஊரே ஓடியது. அந்தத் தாள் இணையத்தில் இருந்தது உண்மைதான். கண் தெரியாத கிழவிகளுக்கு அதைத் தேடிக் கொடுக்க யார் இருந்தார்கள்? எங்கள் தெருவில் நான் என் மருமகன் போனை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் இதைத்தான் செய்தேன். நூலகத்தில் ஒரு அச்சுப் பிரதியும், பக்கத்தில் ஒரு பெஞ்சும் இருந்திருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. நம் ஊரில் குடும்ப வரலாறு என்று ஆரம்பித்தால் முக்கால்வாசி ஜாதி வரலாற்றில்தான் போய் நிற்கும். 'நாங்கள் இந்த ராஜாவின் வழி' என்று அச்சடித்த புத்தகங்களை உங்கள் அலமாரியிலேயே காட்ட முடியும். நான் கேட்பது அதை இல்லை. பீரோவைத் தெரு வாரியாக, ஊர் வாரியாக, வருஷ வாரியாக அடுக்குங்கள். ஜாதிக்கொரு தட்டு என்று வந்தால் அந்த பீரோவே வேண்டாம், எடைக்குப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்தக் கும்பாபிஷேக மலரை நான் மூன்று முறை படித்தேன். கீழத்தெரு, மேலத்தெரு, பிள்ளையார் கோயில் தெரு எல்லாம் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே இருக்கும் காலனியிலிருந்து ஒரு பெயர் கிடையாது. அவர்கள் கொடுக்கவில்லையா, கொடுக்க விடவில்லையா என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலப் பதிவேட்டிலும் இல்லை, மலரிலும் இல்லை. அப்படியானால் பீரோ முதலில் அவர்களைத் தேடிப் போக வேண்டும். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டர், மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பாஸ்போர்ட், பட்டாளத்துப் புத்தகம் என்று தேட வேண்டிய இடங்கள் வேறு. காகிதமே இல்லாத வீட்டில் எண்பது வயதுக் கிழவி இருப்பாள். நூலக நண்பர்கள் திட்டத்தில் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகும் பிள்ளைகள், திரும்பி வரும்போது அரை மணி நேரம் அவள் பேச்சைப் போனில் பதிந்துகொண்டு வரலாம். "ஒங்க ஆத்தா பேரு என்ன, அவ எந்த ஊர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தா" என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும், மற்றதை அவளே சொல்வாள்.

மறைக்க வேண்டியதும் உண்டு. தத்து, இரண்டாம் தாரம், ஓடிப்போய்ச் செய்த கல்யாணம் என்று எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிய காகிதத்தை வீட்டார் எழுதிக் கொடுக்காமல் வாங்க வேண்டாம். ஆதார் நகல், பேங்க் புத்தகம் எதுவும் வேண்டவே வேண்டாம். மொய் நோட்டில் யார் எவ்வளவு பாக்கி என்று பார்த்துச் சண்டைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள், சிரிக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு உட்பட்ட மொய் நோட்டை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

இடம் இல்லை, ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஒரு நூலகர் மூன்று ஊரைப் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேய்ன் என்று ஒரு ஊர், தலைநகரம்கூட இல்லை. அங்கே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பொது நூலகத்தில் குடும்ப வரலாற்றுக்கென்று ஒரு பெரிய பிரிவே நடக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரைப் பாருங்கள். போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தனியாளாகப் புத்தகம், நாடக நோட்டீஸ், துண்டுத் தாள் என்று சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சேகரிப்பு 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கை சேர்ந்ததால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவரை எங்கள் சீமைக்காரர் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்கிறோம். அவர் செய்ததில் நூறில் ஒரு பங்கை ஊருக்கு ஒரு பீரோவில் செய்யலாமே.

கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் வசம்பும் வேப்பிலையும் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. ஸ்டேப்ளர் பின்னை மட்டும் எடுத்துவிடுங்கள், துரு ஏறித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள்.

அரங்கநாதனுடைய ஐந்து விதிகளை நூலகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. அந்தக் கும்பாபிஷேக மலருக்கும் ஒரு வாசகர் இருந்தார். அவர் பிறக்கவே முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, வந்து சேர இன்னும் முப்பது வருஷம். அதற்குள் நம் பிரதி எடைக்குப் போய்விட்டது.

பையன் ஊருக்குப் போய்ப் படம் அனுப்பியிருக்கிறான். மொய் நோட்டின் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் முருகன். கொள்ளுத்தாத்தாவின் தாயார் பெயர் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறான். கிடைக்கவில்லை. என் அப்பத்தாவின் தாயார் பெயரே எனக்கு இன்னும் தெரியாது. கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதோடு எங்கள் வீட்டுக் கதை நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்து நூலகம் எதிலாவது ஒரு பழைய பத்திரிகைக் கட்டு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்துவிடுவேன்.

என் வீட்டில் இரண்டு அட்டைப் பெட்டி தயாராக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை நானூற்றுச் சொச்சம், கருமாதி அறுபத்தொன்று, மொய் நோட்டு மூன்று, பாதி மலர் ஒன்று. ஊர் வாரியாகப் பிரித்து நூல் போட்டுக் கட்டி, மேலே பட்டியலும் எழுதிவிட்டேன். எங்கள் ஊர் நூலகத்தில் பீரோ வந்ததும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தவிர என்றைக்கு வேண்டுமானாலும் கொண்டுவந்து இறக்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி